சிறிய மதச்சார்புப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால்: அமெரிக்காவுக்குப் புதிய தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

மார்ச் மாதத்தில் ஒரு தடித்த உறை வரும். அதுவரை கேள்விப்படாத பெயர். ஒஹாயோவிலோ அயோவாவிலோ ஒரு சிற்றூர். அட்டைப்படத்தில் தேவாலயக் கோபுரமும் இலையுதிர்கால மரங்களும். உள்ளே, பிள்ளைக்கு ஆண்டுக்கு 24,000 டாலர் ஸ்காலர்ஷிப் என்று எழுதியிருக்கும். வீட்டில் ஒரே நேரத்தில் மகிழ்ச்சியும் குழப்பமும் வந்து உட்காரும். இவ்வளவு பணம் கொடுக்கிறார்களே, நல்ல இடமாகத்தான் இருக்குமோ? கிறிஸ்தவக் கல்லூரி என்றால் ஒழுக்கமாக இருக்குமே? ஆனால் பெயரே யாருக்கும் தெரியவில்லையே?

என் மகள் அப்படியோர் இடத்தில்தான் நான்கு ஆண்டுகள் படித்தாள். சேர்ந்ததற்கு ஒருநாளும் வருந்தியதில்லை. எங்கள் நண்பர் ஒருவரின் மகன் வேறொன்றில் சேர்ந்து, இரண்டாம் ஆண்டின் நடுவில் விலகி, மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினான். மாறிய இடத்தில் அவன் படித்ததில் ஏறக்குறைய ஒரு செமஸ்டர் அளவு பாடங்கள் கணக்கில் சேரவில்லை. இரண்டையும் அருகிலிருந்து பார்த்த பிறகு எனக்குத் தெளிவான விஷயம் இது: இந்தக் கல்லூரிகள் கடைசிவரை இருப்பவருக்கு நிறையக் கொடுக்கின்றன, பாதியில் வெளியேற நேர்பவரிடம் நிறைய வாங்கிக்கொள்கின்றன. ஆகவே பிள்ளைக்கு அங்கே பிடிக்குமா என்று மட்டும் கேட்டால் போதாது. எந்தக் காரணத்தால் பாதியில் வெளியே வர நேரலாம், வந்தால் கையில் என்ன மிஞ்சும் என்றும் கேட்க வேண்டும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

முதல் படி: எந்த அளவு மதம் என்று கண்டுபிடியுங்கள்

நம்மவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். சென்னை லயோலாவையும் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியையும் மதுரை அமெரிக்கன் கல்லூரியையும் மனதில் வைத்துக்கொண்டு அமெரிக்கக் கல்லூரியை எடைபோடுகிறோம். அங்கே இந்துவும் முஸ்லிமும் படித்தார்கள், வளாகத்தில் ஒரு தேவாலயம் இருந்தது, யாரும் யாரையும் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 'கிறிஸ்தவக் கல்லூரி' என்ற ஒரே சொல்லுக்குள் முற்றிலும் வேறான மூன்று நான்கு உலகங்கள் இருக்கின்றன.

ஒரு முனையில், மெதடிஸ்ட், லூத்தரன், பிரஸ்பிட்டேரியன் சபையினர் 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கி, இன்று பெயரளவில் மட்டும் சபைத் தொடர்புள்ள கல்லூரிகள். அங்கே மதம் என்பது பெரும்பாலும் ஒரு சாப்பலும் (வளாகத்துச் சிறு தேவாலயம்) ஒரு பாதிரியாரும்தான். அடுத்தது கத்தோலிக்கக் கல்லூரிகள்: ஏசு சபையார், பெனடிக்டைன் துறவிகள், மெர்சி கன்னியர் போன்றோர் நிறுவியவை. பெரும்பாலானவற்றில் திருப்பலிக்கு வரும்படி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் இறையியலிலும் தத்துவத்திலும் சில பாடங்கள் எல்லாருக்கும் கட்டாயம். லயோலாவை மனதில் வைத்திருப்பவருக்கு இதுதான் பழகிய காற்று. மறுமுனையில், வேதாகமத்தையும் தனிப்பட்ட விசுவாசத்தையும் அழுத்தமாக வலியுறுத்தும் இவாஞ்சலிக்கல் கல்லூரிகள். இவற்றில் பலவற்றில் வாரத்தில் சில நாள் சாப்பல் வழிபாட்டுக்கு வருவது கட்டாயம். வராவிட்டால் அபராதமோ எச்சரிக்கையோ உண்டு. நடத்தை ஒப்பந்தம் ஒன்றில் மாணவர் கையெழுத்திட வேண்டும். இலினாயில் உள்ள வீட்டன் கல்லூரி மாணவர்கள் நடனமாடுவதற்கு இருந்த தடையை நீக்கியது 2003-இல்தான் என்று சொன்னால் அந்த உலகம் எப்படிப்பட்டது என்பது புரியும். கல்வித்தரத்தில் அந்தக் கல்லூரி மிக உயர்ந்தது. இரண்டும் ஒரே வளாகத்தில் இருக்க முடியும்.

கிறிஸ்தவம் மட்டுமல்ல. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஸெய்துனா என்ற முஸ்லிம் கல்லூரி இருக்கிறது. அயோவாவின் ஃபேர்ஃபீல்டில் மகரிஷி பல்கலைக்கழகம் தியானத்தை மையமாக வைத்து இயங்குகிறது. நியூயார்க்கில் யூதர்களின் யெஷிவா பல்கலைக்கழகம் உண்டு. கேட்க வேண்டிய கேள்விகள் எங்கேயும் ஒன்றே.

கல்லூரியின் மாணவர் கையேட்டை இறக்கிக்கொண்டு மூன்று விஷயங்களைத் தேடுங்கள். ஒன்று, விசுவாச அறிக்கை, அதாவது கல்லூரியின் மத நம்பிக்கைகளைப் பட்டியலிடும் தாள். அதில் யார் கையெழுத்திட வேண்டும், மாணவரா, ஆசிரியர் மட்டுமா? ஆசிரியர் மட்டும் என்றால் வேற்றுமதப் பிள்ளைகளும் சேரலாம்; ஆனால் உங்கள் பிள்ளையின் நம்பிக்கையைப் பகிரும் பேராசிரியர் ஒருவர்கூட அங்கே இருக்கமாட்டார் என்பதையும் யோசியுங்கள். இரண்டு, நடத்தை விதிகள்: மது, காதல், விடுதிக்கு யார் எப்போது வரலாம் என்பவை. சில இடங்களில் இந்த விதிகள் கோடை விடுமுறையில் வீட்டில் இருக்கும்போதும் பொருந்தும். மூன்று, ஒரு மாணவர் நம்பிக்கை மாறினாலோ, தான் ஒருபால் ஈர்ப்புள்ளவர் என்று சொன்னாலோ என்ன நடக்கும். பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டின் டைட்டில் நைன் சட்டம், மத அமைப்புகளின் கட்டுப்பாட்டில் இயங்கும் கல்லூரிகளுக்கு அவற்றின் கோட்பாட்டோடு மோதும் இடங்களில் விலக்குத் தருகிறது. வெளியில் கிடைக்கும் பாதுகாப்பு எல்லாமே உள்ளேயும் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பதினெட்டு வயதில் பிள்ளை யார் என்பது பெற்றோருக்கு முழுமையாகத் தெரிந்திருக்காது. பல நேரம் பிள்ளைக்கே தெரிந்திருக்காது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். விசுவாச அறிக்கையில் மாணவரும் கையெழுத்திட வேண்டும் என்றால், அதை நம்பாத பிள்ளையைக் கையெழுத்திடச் சொல்லாதீர்கள். 'சும்மா ஒரு பேப்பர்தானே' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான்கு ஆண்டு நட்பையும் படிப்பையும் ஒரு பொய்யின் மேல் கட்டச் சொல்வது அது. அந்தப் பேப்பரை உண்மையாக எடுத்துக்கொள்பவர்கள் நடுவில்தான் பிள்ளை தினமும் சாப்பிட்டுத் தூங்கி எழ வேண்டும்.

நீங்கள் கிறிஸ்தவக் குடும்பம் என்றாலும் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்த பிள்ளைக்கு அட்வென்டிஸ்ட் வளாகத்தின் சனிக்கிழமை ஓய்வுநாள் புதிது. பெந்தெகொஸ்தே வீட்டுப் பிள்ளைக்குக் கத்தோலிக்கப் பாடத்திட்டம் புதிது.

இரண்டாம் படி: பட்டம் வெளியே செல்லுபடியாகுமா?

ஹையர் லேர்னிங் கமிஷன், சதர்ன் அசோசியேஷன், மிடில் ஸ்டேட்ஸ் போன்ற அங்கீகார அமைப்புகள் முன்பு 'வட்டார அமைப்புகள்' எனப்பட்டன. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு அங்கீகாரம் தருபவையும் இவைதான். இவற்றில் ஒன்றின் அங்கீகாரம் இருந்தால் நிம்மதி. மதக் கல்லூரிகளுக்கென்றே தனி அமைப்புகளும் உண்டு. அவையும் அரசு ஏற்றவைதான், அவற்றின் அங்கீகாரம் இருந்தால் அரசு உதவித்தொகை கிடைக்கும். ஆனால் அந்தக் கல்லூரியிலிருந்து மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறும்போதோ மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதோ கிரெடிட்டுகளை (முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் அலகுகளை) ஏற்கத் தயங்குவார்கள். 2020-இல் கல்வித்துறை 'வட்டாரம்', 'தேசியம்' என்ற பிரிவைத் தன் விதிகளிலிருந்து எடுத்துவிட்டது. பதிவாளர் அலுவலகங்களின் பழக்கம் அவ்வளவு வேகமாக மாறிவிடாது. அமெரிக்கக் கல்வித்துறையின் இணையதளத்தில் அங்கீகாரத் தகவல் தளம் இருக்கிறது. கல்லூரிப் பெயரை இட்டால் எந்த அமைப்பு, எந்த ஆண்டுவரை, எச்சரிக்கை ஏதும் உண்டா என்று காட்டும்.

கல்லூரிக்கு அங்கீகாரம் இருந்தால் படிப்புக்கும் இருக்கிறது என்று ஆகாது. பொறியியலுக்கு ஏபெட் என்ற அமைப்பின் அங்கீகாரம் வேண்டும். நர்சிங்குக்கு சி.சி.என்.இ. அல்லது ஏசென். சிறிய மதக் கல்லூரிகள் பலவற்றின் பலமே நர்சிங்தான். நர்ஸ் உரிமத்துக்காகப் பட்டதாரிகள் எழுதும் என்கிளெக்ஸ் தேர்வில் எத்தனை சதவீதம் பேர் முதல் முயற்சியில் தேறினார்கள் என்பதை மாநில நர்சிங் வாரியங்கள் வெளியிடுகின்றன. கல்லூரியின் எந்த விளம்பரத்தையும்விட அந்த ஓர் எண்ணை நம்பலாம். மருத்துவம் நோக்கிப் போகும் பிள்ளை என்றால், உயிரியல் துறை பரிணாமக் கொள்கையை எப்படிக் கற்பிக்கிறது என்று பேராசிரியரிடமே நேராகக் கேளுங்கள். ஒளிவு மறைவில்லாமல் பதில் சொல்வார்கள்.

அடுத்து, நண்பர் மகனுக்கு நேர்ந்தது. பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் வேண்டும். அவன் சேர்ந்த இடத்தில் வேதாகமப் பாடங்களும் சாப்பலோடு இணைந்த வகுப்புகளும் கட்டாயம். மாறிப்போன இடத்தில் அவற்றில் சில விருப்பப் பாடமாக மட்டும் சேர்ந்தன, சில சேரவேயில்லை. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. முதல் இரண்டு ஆண்டுப் பாடப் பட்டியலை எடுத்துக்கொண்டு உங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் உள்ள கிரெடிட் மாற்றுத் தேடலில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஒரு மாலை வேலை. இரண்டாண்டுப் பாடங்களில் மூன்றில் ஒரு பங்கு மாற்ற முடியாது என்று வந்தால், அந்தக் கல்லூரியின் உண்மை விலை கடிதத்தில் இருப்பதைவிட அதிகம்.

மூன்றாம் படி: நான்கு ஆண்டுக் கணக்கு, ஓராண்டுக் கணக்கு அல்ல

ஸ்காலர்ஷிப் என்ற சொல் நம் வீடுகளில் பெரிய சொல். பிள்ளையின் திறமைக்குக் கிடைத்த பரிசு என்று உறவினர்களுக்கெல்லாம் சொல்வோம். பிள்ளையின் உழைப்பு அதில் நிச்சயம் உண்டு. ஆனால் தனியார் கல்லூரிகள் புதிய மாணவர்களுக்கு, அறிவித்த படிப்புக் கட்டணத்தில் சராசரியாகப் பாதிக்கும் மேல் தள்ளுபடி தருகின்றன. சிறிய கல்லூரிகளில் ஏறக்குறைய எல்லாருக்கும் ஏதோ ஒரு பெயரில் ஸ்காலர்ஷிப் உண்டு. அதனால் தள்ளுபடி எவ்வளவு என்பதை மறந்துவிட்டு, கையிலிருந்து எவ்வளவு போகிறது என்பதை மட்டும் பாருங்கள். அரசு உதவி பெறும் ஒவ்வொரு கல்லூரியும் நிகரக் கட்டணக் கணிப்பானைத் தன் இணையதளத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது 2011 முதல் விதி. விண்ணப்பிக்கும் முன்பே அதைப் போட்டுப் பார்க்கலாம்.

பிறகு இந்தக் கணக்கைப் போடுங்கள். படிப்புக் கட்டணம் 42,000 டாலர், ஸ்காலர்ஷிப் 24,000 என்று வைத்துக்கொள்வோம். முதலாண்டில் நீங்கள் கட்டுவது 18,000. நான்கால் பெருக்கி 72,000 என்று நினைப்போம். ஆனால் கட்டணம் ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறி, ஸ்காலர்ஷிப் அதே 24,000-இல் நின்றால், இரண்டாம் ஆண்டு 19,680, மூன்றாம் ஆண்டு 21,427, நான்காம் ஆண்டு 23,244. மொத்தம் 82,351. பத்தாயிரத்துக்கும் மேல் வித்தியாசம், அதுவும் விடுதியும் சாப்பாடும் சேராமல். ஆகவே நிதியுதவி அலுவலகத்தில் கேட்க வேண்டியவை: ஸ்காலர்ஷிப் ஒவ்வோராண்டும் தொடருமா? எந்த ஜி.பி.ஏ.வுக்கு (சராசரி மதிப்பெண்ணுக்கு) கீழே போனால் நிற்கும்? வளாகத்துக்கு வெளியே வீடு எடுத்தால் குறையுமா? மேஜரை (முதன்மைப் பாடத்தை) மாற்றினால்? விளையாட்டுக்கான பணம் என்றால், காயம் பட்டு ஆட முடியாமல் போனால்? (கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் விளையாட்டு ஸ்காலர்ஷிப் என்பதே கிடையாது. பயிற்சியாளர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் பணம் வேறு பெயரில்தான் வர வேண்டும்.) பல மதக் கல்லூரிகளில் முதல் இரண்டு மூன்று ஆண்டு விடுதியிலேயே தங்க வேண்டும், சாப்பாட்டுத் திட்டமும் கட்டாயம். சைவப் பிள்ளையென்றால், பாதி நாள் சாலட் சாப்பிடவா அந்தத் தொகை என்பதை உணவுக்கூடத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடனைப் பற்றி என் அளவுகோல் இது. பெற்றோரைச் சார்ந்த மாணவருக்கு மத்திய அரசு நேரடிக் கடன் முதலாண்டு 5,500, இரண்டாம் ஆண்டு 6,500, அடுத்த இரண்டு ஆண்டுகள் 7,500 டாலர் வீதம் கிடைக்கும். நான்காண்டுக்கு 27,000. அதற்குள் முடியும் என்றால் யோசிக்கலாம். அதையும் தாண்டித் தனியார் வங்கிக் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், எவ்வளவு அழகான வளாகமாக இருந்தாலும் வேண்டாம் என்பேன்.

பேரம் பேசலாமா என்று நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். பேசலாம், பேச வேண்டும். வேறொரு கல்லூரியின் கடிதத்தை இணைத்து, வீட்டு நிலைமையை இரண்டு பத்தியில் மரியாதையாக எழுதி மறுபரிசீலனை கேளுங்கள். மாணவர் தேவைப்படும் சிறிய கல்லூரியில் அதைப் படிப்பதற்கு ஓர் ஆள் இருப்பார். சபை சார்ந்த சலுகைகளையும் கேளுங்கள். உங்கள் சபை ஒரு தொகை கொடுத்தால் கல்லூரியும் அதற்கு ஈடாகப் போடும் ஏற்பாடு சில இடங்களில் உண்டு.

விதிவிலக்கான சில இடங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். கெண்டக்கியின் பெரியா கல்லூரி கிறிஸ்தவ வேர்கள் உள்ளது. 1892 முதல் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை, மாணவர்கள் வளாகத்தில் வேலை செய்கிறார்கள். மிசூரியின் காலேஜ் ஆஃப் தி ஒஸார்க்ஸிலும் வாரம் 15 மணி நேர வேலைதான் கட்டணத்துக்கு ஈடு. நேர்மாறாக, பென்சில்வேனியாவின் குரோவ் சிட்டி கல்லூரி மத்திய அரசின் பணத்தையே தொடுவதில்லை. அங்கே பெல் உதவித்தொகையும் (வருமானம் குறைந்த குடும்பத்து மாணவருக்கு மத்திய அரசு தரும் உதவி) அரசுக் கடனும் கிடையாது.

நான்காம் படி: விசா நிலை

பெல் உதவித்தொகையும் மேலே சொன்ன அரசுக் கடனும் பெரும்பாலும் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி வேலை விசாவில் உள்ளவரின் குடும்பத்தாருக்கானது) இருக்கும் பிள்ளைக்கோ எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவருக்கோ கிடைக்காது. ஹெச்-4 பிள்ளை வளாகத்தில் வேலையும் செய்ய முடியாது. 21 வயது ஆனதும் எஃப்-1 போன்ற வேறு நிலைக்கு மாறியாக வேண்டும். அதற்குக் கல்லூரி, மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தை வழங்கும் அனுமதி பெற்றிருக்க வேண்டும். மிகச் சிறிய சில கல்லூரிகளுக்கு அது இல்லை. முதலிலேயே கேளுங்கள்.

இதில் ஒரு நன்மையும் உண்டு. ஹெச்-4 பிள்ளைக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்க் கட்டணமா வெளியூர்க் கட்டணமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தனியார் கல்லூரியில் பொதுவாக எல்லாருக்கும் ஒரே கட்டணம், கல்லூரியின் சொந்த ஸ்காலர்ஷிப்புக்குப் பெரும்பாலும் விசா தடையில்லை. வெளியூர்க் கட்டணத்தோடு ஒப்பிட்டால் சிறிய கல்லூரி மலிவாக முடிந்த குடும்பங்களை நான் அறிவேன்.

தமிழ்நாட்டிலிருந்து நேராக வரும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. படித்து முடித்தபின், படித்த துறையில் வேலை செய்ய அனுமதிக்கும் ஓ.பி.டி. 12 மாதம், மேஜர் அரசின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் இன்னும் 24 மாதம். ஒரே பெயருள்ள படிப்பு ஒரு கல்லூரியில் அந்தப் பட்டியலில் வரும், இன்னொன்றில் வராது. ஐ-20-இல் உள்ள பாடக் குறியீட்டு எண்ணைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஏஜென்ட் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு சிற்றூரில் கார் இல்லாமல், அருகில் நிறுவனங்கள் இல்லாமல் இன்டர்ன்ஷிப் தேடுவது எப்படி என்பதையும் இப்போதே யோசியுங்கள்.

ஐந்தாம் படி: நான்கு ஆண்டு கழித்துக் கல்லூரி இருக்குமா?

கேட்கவே சங்கடமான கேள்வி. ஆனால் 2023-க்குப் பிறகு கேட்காமல் இருப்பது பொறுப்பாகாது. மிச்சிகனில் ஃபின்லாந்து குடியேறிகள் 1896-இல் தொடங்கிய லூத்தரன் கல்லூரியான ஃபின்லாந்தியா 2023-இல் மூடப்பட்டது. நியூயார்க்கின் அலையன்ஸ் பல்கலைக்கழகம் அதே ஆண்டு அங்கீகாரத்தை இழந்து மூடியது. அலபாமாவில் 1856 முதல் இருந்த மெதடிஸ்ட் கல்லூரி பர்மிங்ஹாம்-சதர்ன், 2024 மார்ச் இறுதியில் அறிவித்து மே 31-இல் கதவைச் சாத்தியது. இரண்டே மாதம். அமெரிக்காவில் பிறப்புகள் உச்சத்தைத் தொட்டது 2007-இல், சுமார் 43 லட்சம். அதன்பின் இறங்குமுகம். அந்தக் குழந்தைகளுக்கு இப்போது கல்லூரி வயது. இனி வரும் ஆண்டுகளில் மாணவர் குறையப் போகிறார்கள். கட்டணத்தை மட்டும் நம்பியிருக்கும் சிறிய கல்லூரிகளை இது முதலில் தாக்கும்.

அறிகுறிகளை வெளியிலிருந்தே பார்க்கலாம். கல்வித்துறை ஒவ்வொரு தனியார் கல்லூரிக்கும் நிதிப் பொறுப்பு மதிப்பெண் தருகிறது: மைனஸ் 1 முதல் 3 வரை. 1.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் தேர்ச்சி. 1-க்குக் கீழே என்றால், இடத்தை உறுதிசெய்யும் டெபாசிட்டை நான் கட்டமாட்டேன். அரசுப் பணத்தைக் கூடுதல் கண்காணிப்போடு பெறும் கல்லூரிகளின் பட்டியலும் அதே துறையிடம் இருக்கிறது. கல்வித்துறையின் காலேஜ் நேவிகேட்டர் தளத்தில் தற்போதைய மாணவர் எண்ணிக்கை இருக்கும். ஐந்தாண்டுக்கு முன் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கல்லூரியிடம் கேட்டு ஒப்பிடுங்கள். துறைகளை மூடுவது, கல்லூரித் தலைவர் அடிக்கடி மாறுவது, நிலத்தை விற்பது எல்லாம் உள்ளூர்ச் செய்தித்தாளில் வந்திருக்கும்.

மூடினால் என்ன ஆகும்? அருகிலுள்ள வேறொரு கல்லூரியோடு ஒப்பந்தம் செய்து மாணவர்களை அங்கே முடிக்க வைப்பார்கள். நடக்கிறது, ஆனால் எல்லாருக்கும் இல்லை. மூடிய கல்லூரிகளின் மாணவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே மீண்டும் எங்காவது சேர்ந்தார்கள் என்று 2022-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. மூடும்போது அங்கே படித்துக்கொண்டிருந்தாலோ, மூடுவதற்கு முந்தைய 180 நாளுக்குள் விலகியிருந்தாலோ மத்திய அரசுக் கடன் தள்ளுபடியாக வழியுண்டு. தனியார் கடனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எஃப்-1 மாணவர் இன்னும் வேகமாக ஓட வேண்டும். விசா நிலையை வேறு கல்லூரிக்கு மாற்றுவதற்கு அவகாசம் குறைவு.

ஆறாம் படி: பணத்தால் அளக்க முடியாத பக்கம்

இதுவரை படித்தவர்கள் நான் வேண்டாம் என்று சொல்வதாக நினைத்திருக்கலாம். இல்லை. என் மகளை அனுப்பியதற்கான காரணம் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

அவள் இரண்டாம் ஆண்டில் இரண்டு நாள் வகுப்புக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் வேதியியல் பேராசிரியர் விடுதி வாசலில் வந்து நின்றார், கையில் ஒரு டப்பா சூப்போடு. பெரிய பல்கலைக்கழகத்தின் முந்நூறு பேர் அரங்கில் அவள் வரவில்லை என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது. ஆய்வகத்தில் முனைவர் பட்ட மாணவர்கள் இல்லை. ஆகவே நல்ல கருவிகளையும் முக்கியமான வேலைகளையும் இளநிலை மாணவர்களே தொட்டார்கள். மேற்படிப்புக்கு அவளுக்கு வந்த பரிந்துரைக் கடிதம் அவளை நான்காண்டு பார்த்தவர் எழுதியது. எந்த வேலை என்பதோடு எதற்காக அந்த வேலை என்றும் கேட்கும் வகுப்பு அவளுக்குக் கட்டாயப் பாடமாக இருந்தது. கோயிலுக்குப் போகும் வீட்டிலிருந்து போனவள், பழங்காலக் கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டினைப் படித்துவிட்டு வந்து என்னிடம் திருவாசகத்தைப் பற்றிக் கேள்வி கேட்டாள். எனக்குத் தெரியாத பதில்களைத் தேடிப் படித்தேன்.

கல்லூரி சிறியதாக இருப்பதற்கு இன்னொரு முகமும் இருக்கிறது. ஒரு மேஜரில் பன்னிரண்டு பேர்தான் என்றால் மேல்நிலைப் பாடங்கள் இரண்டாண்டுக்கு ஒரு முறைதான் நடக்கும். ஒன்றைத் தவறவிட்டால் பட்டம் ஓராண்டு தள்ளிப்போகும், அந்த ஓராண்டின் கட்டணம் உங்களுடையது. துறையில் இருக்கும் ஒரே நல்ல பேராசிரியர் வேறிடம் போனால் துறையே போன மாதிரி. பெரிய நிறுவனங்கள் ஆள் எடுக்க வரமாட்டா. வளாகத்தில் ஒரே தமிழ் முகமாக, சில சமயம் ஒரே பழுப்பு முகமாக இருப்பது சில பிள்ளைகளை வலுவாக்கும், சில பிள்ளைகளை மெல்ல மெல்ல மௌனமாக்கும். உங்கள் பிள்ளை எந்த வகை என்று நீங்கள் அறிந்த அளவு வேறு யாரும் அறியமாட்டார்கள்.

காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில், குறிப்பிட்ட மேஜரில் பட்டம் பெற்றவர்களின் இடைநிலை வருமானமும் கடனும் இருக்கும். சிறிய துறைகளுக்கு எண் வெளியிடமாட்டார்கள். அப்போது துறைத் தலைவரிடமே கேளுங்கள்: சென்ற மூன்றாண்டில் முடித்தவர்கள் இப்போது எங்கே? பன்னிரண்டு பேரையும் பெயர் சொல்லிப் பதில் சொல்வாரானால் அது நல்ல துறை.

ஏழாம் படி: நேரில் போங்கள், எழுத்தில் வாங்குங்கள்

சேர்க்கை அலுவலகம் ஏற்பாடு செய்யும் திருவிழா நாளில் போகாதீர்கள். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை போங்கள். பிள்ளை ஓர் இரவு விடுதியில் தங்கட்டும். பல கல்லூரிகள் அனுமதிக்கும். சாப்பல் நடந்தால் கடைசி வரிசையில் முழுநேரமும் உட்காரட்டும். வெளியே வந்ததும் நீங்கள் ஒன்றும் சொல்லாமல் பிள்ளை என்ன சொல்கிறது என்று கேளுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர்களில், அந்த மதத்தைச் சேராத ஒருவரைத் தேடிப்பிடித்துத் தனியே பேச விடுங்கள். அப்படி ஒருவரையும் கல்லூரியால் காட்ட முடியவில்லை என்றால், அதுவே உங்களுக்கான பதில்.

மே 1-க்குள் பெரும்பாலான கல்லூரிகளுக்கு டெபாசிட் கட்ட வேண்டும். ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு தாளை நடுவில் மடித்து, ஒரு பக்கம் இந்தக் கல்லூரி, மறுபக்கம் கையில் உண்மையாக இருக்கும் அடுத்த நல்ல வாய்ப்பு என்று எழுதுங்கள். கிடைக்காமல் போன கனவுக் கல்லூரியை அந்தத் தாளில் சேர்க்காதீர்கள். நான்காண்டு மொத்தச் செலவு, நான்கே ஆண்டில் முடிப்பவர்களின் சதவீதம், பாதியில் மாறினால் ஏற்கப்படும் கிரெடிட், நிதி மதிப்பெண். எண்கள் இவ்வளவு போதும். கடைசி வரியைப் பிள்ளை எழுதட்டும்: இங்கே நான் நானாக இருக்க முடியுமா என்று.

சேர்வது என்று முடிவானால், அன்றே ஒரு கோப்பு திறந்து சிலவற்றைச் சேமித்துவிடுங்கள். ஸ்காலர்ஷிப் கடிதம், அதன் நிபந்தனைகளோடு. சேரும் ஆண்டின் பாடத்திட்டப் புத்தகம். பிள்ளைக்குப் பொதுவாகப் பொருந்துவது அந்த ஆண்டின் விதிகள்தான், பின்னர் மாற்றினால் இதைக் காட்டிப் பேசலாம். கையெழுத்திட்ட நடத்தை ஒப்பந்தத்தின் நகல். பிறகு ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் ஒவ்வொரு பாடத்தின் விவரத் தாளும், ஓர் அதிகாரபூர்வ மதிப்பெண் சான்றும். நண்பர் மகனுக்கு இழந்த கிரெடிட்டில் இரண்டு பாடங்கள் திரும்பக் கிடைத்தன. பழைய மின்னஞ்சலில் அந்த விவரத் தாள்களை அவன் அழிக்காமல் வைத்திருந்ததுதான் காரணம்.